‘மிஸ்ஹேண்டிலிங்’ என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா? அனுபவத்தைப் பகிருங்கள்

வாசல்படி:
வணக்கம் நண்பர்களே. லேப்டாப்பில் கீல் இருக்கும் பக்கம் விரிசல் விட்டுவிட்டது. வாரண்டி முடியவில்லை, சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். பார்த்துவிட்டு அவர்கள் கொடுத்த சீட்டில் ‘கஸ்டமர் மிஸ்ஹேண்டிலிங், வாரண்டி பொருந்தாது’ என்று எழுதியிருந்தது, அதாவது நான் தவறாகக் கையாண்டேனாம். குற்றமும் என் பக்கம் வந்துவிட்டது, செலவும் என் பக்கம் வந்துவிட்டது.

நான் குரல் உயர்த்தவில்லை. “கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா, ஏதாவது அழுத்தியதா? எதைப் பார்த்து இப்படி எழுதினீங்க?” என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை. தண்ணீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் சின்ன ஸ்டிக்கர் உள்ளே ஒட்டியிருக்கும், அதைக் காட்டச் சொன்னேன். வெள்ளையாகத்தான் இருந்தது. நான்கு மூலையிலும் நசுங்கல் இல்லை. கீலின் திருகு உட்காரும் பிளாஸ்டிக் குமிழிலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது. கீல் இறுகிப்போனால், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இழுவை அந்தக் குமிழில்தான் விழும். மேலாளர் வந்து பார்த்தார், படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார், இலவசமாக மாற்றித் தந்தார்கள்.

அதிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டாலே நின்று பார்க்கிறேன். நமக்கு அலட்சியம், கவனக்குறைவு, குளறுபடி, சொதப்பல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை இருக்கிறது. ‘சொதப்பிட்டாங்க’ என்றால் ‘யாரு?’ என்ற கேள்வி கூடவே வரும். மிஸ்ஹேண்டிலிங் என்று எழுதிவிட்டால் யார் கை, எந்த இடத்தில், எப்படி என்று எதுவுமே சொல்லாமல் விஷயம் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது? யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள்?

நெடுவழி:
விமானப் பயணத்தில் இதே சொல் உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும். பெட்டி வரத் தாமதம், உடைசல், உள்ளே இருந்த பொருள் திருட்டு, பெட்டியே தொலைந்துபோவது எல்லாவற்றையும் விமான நிறுவனங்கள் ‘மிஸ்ஹேண்டில்டு பேக்கேஜ்’ என்ற ஒரே தலைப்பில்தான் போடுகின்றன. நான் இணைப்பு விமானம் பிடித்துப் போன பயணத்தில் என் பெட்டி முந்தின விமான நிலையத்திலேயே தங்கிவிட்டது. பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றதும் கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்தவர், “வந்துடும் சார், நம்பரை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் வாய்ப்பேச்சோடு நான் நகரவில்லை. பி.ஐ.ஆர். என்று ஒரு படிவம் உண்டு, உடைமை முறைகேட்டு அறிக்கை. அதைப் போடச் சொன்னேன். போட்டதும் ஐந்து எழுத்து, ஐந்து இலக்கத்தோடு ஒரு குறியீடு கொடுத்தார். முதல் மூன்று எழுத்து விமான நிலையம், அடுத்த இரண்டு எழுத்து விமான நிறுவனம். பெட்டி எங்கே இருக்கிறது என்று அதை வைத்துத்தான் தேடுகிறார்கள். பெட்டி வந்து சேர்ந்தது. இடையில் வாங்கிய மாற்றுத்துணிக்கான பணத்தையும் ரசீதோடு கேட்டு வாங்கினேன்.

சர்வதேசப் பயணம் என்றால் பெரும்பாலும் 1999-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும், 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெட்டி உடைந்திருந்தால், கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள். வந்துசேர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகவே வைத்து இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது, உள்ளூர்ப் பணத்துக்கு மாற்றித் தருவார்கள்.) உச்சவரம்பு என்றால் அவ்வளவும் கைக்கு வரும் என்று அர்த்தமில்லை. என்ன நஷ்டமோ அதைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன். செக்-இன் கவுன்டரில் சில நேரம் ‘லிமிடெட் ரிலீஸ்’ என்று ஒரு சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். உடையும் பொருள், ஏற்கெனவே விரிசல் உள்ள பெட்டி என்றால் கேட்பது வழக்கம். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பின்னால் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அந்தச் சீட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

செங்குழல்:
நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் இந்தச் சொல் தினமும் புழங்குகிறது. நாங்கள் அதை எங்களைப் பார்த்தே சொல்லிக்கொள்கிறோம் என்பது எனக்குப் பெருமையான விஷயம்.

ஒரு அம்மாவின் பொட்டாசியம் அளவு பயமுறுத்தும் அளவுக்கு மேலே போயிருந்தது. பொதுவாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது. அவ்வளவு ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். ஆனால் அந்த அம்மா தெளிவாக உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டிருந்தார். குழாயை மையவிலக்கியில் சுற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே நிற்கும் சீரம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், அது இளஞ்சிவப்பாக இருந்தது. சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல் இருபது மடங்குக்கு மேல். கொஞ்சம் அணு உடைந்து கலந்தாலே எண் எகிறிவிடும். மெல்லிய ஊசி வழியாகச் சிரிஞ்சை வேகமாக இழுத்தாலும் உடையும், குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தாமல் குலுக்கினாலும் உடையும். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தோம், அளவு சரியாக இருந்தது. “முதல் சாம்பிள் கையாண்டதில் கெட்டுப்போச்சும்மா, உங்க உடம்புல ஒண்ணும் இல்ல” என்று நானே போய்ச் சொன்னேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்று. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் உறைதடுப்பானிலேயே பொட்டாசியம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு துளி மற்ற குழாயில் கலந்தால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். அதனால்தான் எந்தக் குழாய் முதலில், எது பின்னால் என்று வரிசையே வைத்திருக்கிறோம். ரத்தம் எடுப்பவர் வரிசை பார்த்து எடுக்கிறார் என்றால் நேரத்தை வீணடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். ஆய்வக முடிவுகளில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி, சாம்பிள் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் நடப்பவைதான்.

தோள்கொடு:
நான் பிசியோதெரபிஸ்ட். ‘மிஸ்ஹேண்டிலிங்’ என்றால் எங்களுக்கு மனித உடம்பு. பக்கவாதம் வந்த பெரியவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பும்போது, பாசத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறார்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அப்படியே. தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்துபோயிருக்கும் நேரம் அது. கையின் எடை தாங்காமலே மூட்டு கீழே நழுவியிருக்கும், மேலே இழுவையும் சேர்ந்தால் வலி மாதக்கணக்கில் நிற்கும். அந்த வலியால் பயிற்சிக்கே ஒத்துழைக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்படித் தூக்குவது என்று கேட்பவர்களுக்கு: அவரை விளிம்புக்கு நகர்த்தி, பாதம் இரண்டும் தரையில் பதிந்தபின் முன்னால் சாயச் சொல்லுங்கள். இடுப்பைச் சுற்றிப் பட்டையோ உங்கள் கையோ பிடிமானமாக இருக்கட்டும். தளர்ந்த கைக்குக் கீழே தாங்கல் கொடுங்கள், இழுக்காதீர்கள். எழுப்புவதற்கு முன் “அப்பா, இப்ப எழுந்திருக்கப் போறோம்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் தொட்டால் உடம்பே பாதி உதவும். மருத்துவமனையில் இருக்கும்போதே அங்குள்ள தெரபிஸ்டை உங்கள் கண்முன்னால் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

புத்தகப்பூச்சி:
நூலகத்தில் எங்களுக்குத் தரும் முதல் பாடமே இதுதான். அடுக்கிலிருந்து புத்தகத்தை முதுகின் மேல்நுனியில் விரலை மாட்டி இழுக்கக் கூடாது. தலைப்பட்டை முதலில் கிழியும், பிறகு முதுகே கழன்று வரும். இருபக்கப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து எடுக்க வேண்டும். பழைய தாளுக்கு வெள்ளைக் கையுறை போடுவதையும் இப்போது பெரும்பாலான காப்பகங்கள் சொல்வதில்லை. கழுவி உலர்ந்த வெறுங்கைக்குத்தான் தாளின் நிலை தெரியும். நல்ல வாசகர்களுக்கு இது தெரிந்தால் எவ்வளவோ புத்தகங்கள் பிழைக்கும்.

கணக்கன்:
தணிக்கைத் துறையில் எச்சரிக்கையாகப் பயன்படுத்த வேண்டிய சொல் இது. பணத்தைச் சரியாகக் கையாளாதது வேறு, கையாடல் வேறு. ரசீதில்லாமல் செலவு செய்தவரும் எடுத்துக்கொண்டவரும் ஒன்றல்ல. ஓர் அமைப்பின் அறிக்கையில் வெறுமனே ‘நிதி மிஸ்ஹேண்டிலிங்’ என்று போட்டு, நேர்மையான ஒருவரின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பிறகு ரசீதெல்லாம் கிடைத்தது. கறை போக வெகுகாலம் ஆனது. எழுதுகிறவர்கள் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: இந்தத் தொகைக்கு ரசீது இல்லை, அவ்வளவுதான்.

குளிர்ப்பெட்டி:
மருந்தில் ஆபத்து என்னவென்றால் கையாளல் கெட்டது கண்ணுக்குத் தெரியாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் உருகியபின் பார்க்கப் பழையபடி இருக்கலாம், ஆனாலும் பயன்படுத்தக் கூடாது. ஃபிரிட்ஜில் உறைபகுதியை ஒட்டி வைக்காதீர்கள்.

தடுப்பூசிக்கு ஓர் அருமையான ஏற்பாடு உண்டு, 1996-இல் போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் தொடங்கியது. லேபிளில் ஒரு வட்டம், உள்ளே வெளிறிய சதுரம். வெப்பம் பட்டபட சதுரம் கறுத்துக்கொண்டே வரும், திரும்ப வெளுக்காது. வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் போடக் கூடாது. எத்தனை கை மாறியிருந்தாலும் பட்ட வெப்பமெல்லாம் அதில் பதிந்திருக்கும். ஆனால் குளிரில் உறைந்ததை அது காட்டாது, அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

மழைக்கால்:
நெடுவழி அண்ணா, ஒரு சந்தேகம். வெளிநாட்டிலிருந்து நேற்றுதான் வந்தேன். விமான நிலையத்தில் கவனிக்கவில்லை, வீட்டில் பார்த்தால் பெட்டியின் ஒரு சக்கரம் அடியோடு பிய்ந்திருக்கிறது. கவுன்டரில் சொல்லாமல் வந்தாச்சு. இனி கேட்க முடியுமா?

நெடுவழி:
முடியும், தம்பி. புகார் சொல்லாமல் பெட்டியை எடுத்துவந்தால் நல்ல நிலையில் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் நிரூபிக்கும் சுமை கொஞ்சம் கூடும். ஆனால் 7 நாள் கெடு உங்களுக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டியில் ஒட்டிய பட்டையைக் கிழித்துப் போடாதீர்கள், அதிலுள்ள பத்து இலக்க எண் தெரியும்படி படம் எடுங்கள். சக்கரம் பிய்ந்த இடத்தைக் கிட்டத்தில் ஒன்று, முழுப் பெட்டி ஒன்று. போர்டிங் பாஸையும் சேர்த்து நிறுவனத்தின் இணையதளப் படிவத்தில் இன்றைக்கே பதிந்து, அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சக்கரம் கைப்பிடியெல்லாம் ‘சாதாரணத் தேய்மானம்’ என்று முதல் பதில் வரலாம். பெட்டியின் சொந்தக் குறையால் வந்த சேதத்துக்குத்தான் அவர்களுக்கு விலக்கு. அடியோடு பிய்ந்தது தேய்மானம் ஆகாது என்று படத்தோடு திருப்பி எழுதுங்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.