கவுன்டர்பார்ட் ஃபண்ட்: ‘உதவியீட்டு நிதி’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வெளிநாடு ஒன்று உதவியாகக் கொடுத்த பொருளுக்கு ஈடாக, பெற்ற நாட்டின் அரசு தன் பணத்தில் தனிக் கணக்கில் எடுத்து வைப்பதுதான் கவுன்டர்பார்ட் ஃபண்ட் (counterpart fund). இதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே ஐயா ஒருவர் முன்வைத்த ‘எதிரிணை நிதி’ எனக்கு ஒட்டவில்லை. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் படிப்பவருக்கு யார் எதிரி, எது இணை என்ற குழப்பம் வரும். ‘இணை நிதி’ என்றாலோ, மத்திய அரசு அறுபது, மாநிலம் நாற்பது என்று திட்டங்களில் போடும் பங்குதான் நினைவுக்கு வரும். கருவூலக் கணக்கில் முப்பது ஆண்டு சலான் பார்த்தவன் என்பதால், பணம் எந்தக் கணக்கில் எதற்காக வரவாகிறது என்பதைச் சொல்லாத பெயரில் எனக்கு நிறைவு வராது.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி முடிந்ததும் காணிக்கைப் புடவைகளை ஏலம் விடுவார்கள். புடவையை அம்மனுக்குச் சாத்தியவர் ஒருவர், விலை கொடுத்து எடுப்பவர் இன்னொருவர். அந்தப் பணம் உண்டியலில் சேராமல் திருப்பணிக் கணக்கில் தனியாக வரவாகும். கொரியப் போருக்குப் பிந்திய தென் கொரியாவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்கா கோதுமை, பஞ்சு, உரம் என்று உதவியாகக் கொடுத்தது. அவை உள்ளூரில் விலைக்குப் போயின. அந்த வகையில் உள்நாட்டுப் பணம் தனிக் கணக்கில் கட்டப்பட்டு, அமெரிக்கர் இசைவோடு வரவு செலவுத் திட்டத்துக்குள் வந்தது. 1950-களில் அந்த அரசு படைச் செலவையும் சீரமைப்பையும் தாங்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் முதலில் ‘விற்றுமுதல் நிதி’ என்று எழுதி வைத்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்ததும் அதை நானே அடித்துவிட்டேன். கட்டவேண்டிய தொகையை நிர்ணயித்தது கடைவிலை அல்ல, டாலர் மதிப்பும் அரசு வைத்த மாற்று விகிதமும்தான். பத்து லட்சம் டாலர் கோதுமைக்கு, ஒரு டாலர் 180 ஹ்வான் (அன்றைய தென் கொரிய நாணயம்) என்றிருந்தபோது 18 கோடி ஹ்வான் கட்டினால் போதும். 1955 ஆகஸ்டில் விகிதம் 500 ஆனது. அதே கோதுமைக்கு 50 கோடி! விகிதத்துக்காக சியோலும் வாஷிங்டனும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே இந்த நிதியின் உயிர் விற்பனையில் இல்லை, ‘ஈடு’ என்பதில் இருக்கிறது. பெற்ற உதவிக்கு ஈடாகச் சொந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைப்பது.

இழப்புக்கு ஈடு இழப்பீடு என்றால், உதவிக்கு ஈடு உதவியீடு. இழப்பீட்டு நிதி போல உதவியீட்டு நிதி. ‘ஈடு’ என்றால் அடமானம் ஆகாதா என்று கேட்பீர்கள். தனியாக நின்றால் ஆகலாம். ஆனால் அலுவலகத்தில் ஈடுசெய் விடுப்பு எழுதிக் கொடுக்கும் யாரும் அடகுக்கடையை நினைப்பதில்லை.

‘நிதி’ என்ற ஈறும் வேண்டும், வெறும் ‘பணம்’ போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவுக்கு அமெரிக்கா உதவிய மார்ஷல் திட்டத்தில் மேற்கு ஜெர்மனி இப்படிச் சேர்த்ததைக் கடனாகக் கொடுத்து, திரும்பி வந்ததை மறுபடி கடனாக்கியது. 1948-இல் தொடங்கிய ஜெர்மன் அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ. அந்த நிதியில் வளர்ந்ததுதான். அண்மைக் காலத்தில் நம் சென்னையின் கோவளம் வடிநிலப் பகுதியின் மழைநீர் வடிகாலுக்குப் பணம் தந்ததும் அதே வங்கி.

ஒன்றை மட்டும் இதில் சேர்க்கக்கூடாது என்பேன்: பி.எல். 480 ரூபாய், அதாவது அமெரிக்காவின் உணவு உதவிச் சட்டமான பி.எல். 480-இன் கீழ் வந்த தானியத்துக்கு நாம் கட்டிய ரூபாய். 1956 ஒப்பந்தப்படி கோதுமை நமக்கு விலைக்கு வந்தது, விலையை ரூபாயில் கட்டினோம். அம்மா ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய சிவப்புக் கோதுமை அது. அந்த ரூபாய் இந்தியாவில் இருந்தாலும் உடைமை அமெரிக்க அரசுக்கு. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்குக் காசோலை கொடுத்துத்தான் அதில் பெரும்பகுதி நமக்கு வந்தது. கொரியக் கணக்கு கொரிய அரசுடையது, செலவழிக்கத்தான் மற்றவர் இசைவு தேவை. இந்த வேறுபாட்டைச் சொல் மறைத்துவிட்டால் வரலாறே தவறாகப் பதிந்துவிடும்.

பி.எல். 480 ரூபாய்க்கு ‘அயலுடைமை ரூபாய்’ என்று வைத்திருக்கிறேன். ‘அயல்’ அவ்வளவு பிடிக்கவில்லை. அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் தமிழில் எப்படி எழுதினார்கள் என்று பழைய இதழ்கள் வைத்திருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். கன்னிமாரா நூலகத்தில் நானும் வியாழக்கிழமை தேடுகிறேன்.