டீபக்கை அணைத்ததும் சிஎஸ்எஸ் வருவதில்லை: ஜாங்கோவில் ஸ்டேட்டிக் கோப்புகள்

பெல்லந்தூர்வாசி:

நண்பர்களுக்கு வணக்கம். பெங்களூரில் எங்கள் அடுக்ககத்துக்கு அன்றாடம் வரும் தண்ணீர் டேங்கர்களைப் பதிவு செய்ய ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைச்செயலி எழுதும் சட்டகம்) ஒரு சிறு செயலி எழுதி வருகிறேன். காவலாளி ரசீதைப் படமெடுத்து ஏற்றுவார். சங்கச் செயலாளர் மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பார். நான் வடிவமைத்த 404 (முகவரி கிடைக்கவில்லை என்று சொல்லும்) பக்கம் எப்படித் தோன்றுகிறது என்று பார்ப்பதற்காக, மேம்பாட்டின்போது பிழை விவரங்களைக் காட்டும் அமைப்பான டீபக்கை ஃபால்ஸ் என்று மாற்றி, அனுமதித்த முகவரிகளின் பட்டியலான அலவ்ட்_ஹோஸ்ட்ஸில் என் கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்டையும் சேர்த்தேன். உடனே எல்லாப் பக்கங்களும் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் இல்லாமல் வெறும் எழுத்தாக நிற்கின்றன. ரசீதுப் படங்களும் வருவதில்லை. அலுவலக நண்பர் ஒருவரின் சொற்படி மேம்பாட்டு சர்வரைத் தொடங்கும் ரன்சர்வர் கட்டளையோடு --இன்செக்யூர் என்று சேர்த்தபோது சிஎஸ்எஸ் திரும்பியது, படங்கள் திரும்பவில்லை. இரண்டும் ஏன் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன?

ஜெயநகர் நிரலர்:

இது பழுதன்று, ஜாங்கோ வேண்டுமென்றே அப்படி நடந்துகொள்கிறது. சிஎஸ்எஸ் போன்ற மாறாத (ஸ்டேட்டிக்) கோப்புகளைக் கவனிக்கும் ஸ்டேட்டிக்ஃபைல்ஸ் செயலி நிறுவப்பட்டு டீபக் ட்ரூ என்று இருக்கும்வரை, ஸ்டேட்டிக் முகவரிக்கு வரும் கோரிக்கைகளை ரன்சர்வர் இடைமறித்து, முதலில் ஸ்டேட்டிக்ஃபைல்ஸ்_டிர்ஸில் குறித்த அடைவுகளிலும், பிறகு ஒவ்வொரு செயலியின் ஸ்டேட்டிக் அடைவிலும் தேடி, முதலில் கிடைக்கும் கோப்பைக் கொடுத்துவிடும். கோரிக்கைதோறும் இப்படித் தேடுவது மெதுவானது, பாதுகாப்புக்கும் உத்தரவாதமில்லை என்பதால் டீபக் அணைந்ததும் ஜாங்கோ அதை நிறுத்திவிடுகிறது. நிறுத்தாதே என்று வற்புறுத்துவதுதான் --இன்செக்யூர். உங்கள் மடிக்கணினியில் சற்று நேரம் பயன்படுத்துவதால் தீங்கில்லை. சர்வரில் கூடவே கூடாது.

ரசீதுப் படங்களின் வழி வேறு. யூஆர்எல் கோப்பில் ஸ்டேட்டிக் என்ற உதவிச் சார்பைக் கொண்டு பயனர் ஏற்றும் கோப்புகளுக்கான மீடியா முகவரியைச் சேர்த்திருப்பீர்கள். டீபக் அணைந்திருந்தால் அந்தச் சார்பு வெற்றுப் பட்டியலைத்தான் திருப்பித் தரும். --இன்செக்யூர் அதைத் தொடுவதே இல்லை.

இவ்வளவும் 404 பக்கத்தைப் பார்ப்பதற்காக மட்டுமே என்றால், டீபக்கைத் தொடவே வேண்டாம். அந்த வார்ப்புருவை ரெண்டர் செய்யும் ஒரு தற்காலிக முகவரியைச் சேர்த்துப் பார்த்துவிட்டு நீக்கிவிடுங்கள்.

கே.ஆர்.புரத்தார்:

தற்காலிக முகவரி நல்ல யோசனைதான், ஆனால் எப்படியும் ஒருநாள் இதைச் சர்வரில் ஏற்றத்தான் போகிறார். ஸ்டேட்டிக் கோப்புகளை ஜாங்கோ செயலியே வழங்க உதவும் ஒயிட்நாய்ஸ் தொகுப்பை இப்போதே சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து. கோரிக்கைகள் கடந்துசெல்லும் மிடில்வேர் பட்டியலில் செக்யூரிட்டி மிடில்வேருக்கு அடுத்ததாக அதை வைத்து, நிறுவிய செயலிகளில் ஸ்டேட்டிக்ஃபைல்ஸுக்கு மேலே ரன்சர்வர் தானே கோப்பு வழங்குவதைத் தடுக்கும் ஒயிட்நாய்ஸின் ரன்சர்வர்_நோஸ்டேட்டிக்கைச் சேர்த்தால், மடிக்கணினியிலும் சர்வரிலும் ஒரே நிரல் கோப்புகளை வழங்கும்.

ஜெயநகர் நிரலர்:

மறுக்கவில்லை, ஆனால் அதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். டீபக் அணைந்த நிலையில் ஒயிட்நாய்ஸ், கோப்புகள் திரட்டி வைக்கப்படும் ஸ்டேட்டிக்_ரூட் அடைவை மட்டுமே பார்க்கும். அதுவும் தொடங்கும்போது ஒருமுறைதான். ஆகவே சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி மாற்றினாலும் கோப்புகளை அங்கே திரட்டும் கலெக்ட்ஸ்டேட்டிக்கை இயக்கி, சர்வரை மறுபடி தொடங்கியாக வேண்டும். கோப்பின் பெயரில் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணித்த குறியீடு) சேர்க்கும் மேனிஃபெஸ்ட் சேமிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு கலெக்ட்ஸ்டேட்டிக்கை மறந்தால், சிஎஸ்எஸ் வராமல் போவதோடு நிற்காது, பக்கமே 500 (சர்வரின் உட்பிழை) பிழையில் விழும். மேம்பாட்டுக்கு டீபக் ட்ரூ, ஏற்றுவதற்கு முன் ஒத்திகைக்கு மட்டும் ஃபால்ஸ் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெல்லந்தூர்வாசி:

இருவருக்கும் நன்றி. தற்காலிக முகவரி வழியாக 404 பக்கத்தைப் பார்த்துவிட்டேன். ரசீதுப் படங்களையும் ஒயிட்நாய்ஸிடமே விட்டுவிடலாமா?

கே.ஆர்.புரத்தார்:

கூடாது. தொடங்கியபின் ஏற்றப்படும் படங்கள் அதன் கணக்கில் வராது. சர்வரில் மீடியா அடைவை வழக்கமாக என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருளிடம் விடலாம். ஆனால் டேங்கர் ரசீதில் ஓட்டுநரின் கைபேசி எண்ணும் வண்டி எண்ணும் இருக்கும் அல்லவா? முகவரி தெரிந்த எவரும் திறக்கும்படி அந்த அடைவை விடாமல், உள்நுழைந்தவரா என்று சரிபார்க்கும் ஒரு வியூ (கோரிக்கைக்குப் பதில் தரும் சார்பு) வழியாகவே படத்தை அனுப்புங்கள். மீடியா_ரூட்டும் ஸ்டேட்டிக்_ரூட்டும் தனித்தனி அடைவுகளாக இருக்கட்டும்.