பிளஸ் ஒன் வேதிக் கணக்கீடுகளுக்குப் பயிற்சிக் கணக்கு தயாரிப்பது எப்படி?

திண்டுக்கல் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் வேதியியல் எடுக்கிறேன். முதல் பாடமே வேதிக் கணக்கீடுகள். புத்தகத்தில் இருக்கிற கணக்கைப் பிள்ளைகள் கைடு பார்த்து அப்படியே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எண்ணை மாற்றிப் போட்டால் விழிக்கிறார்கள். நானாக எண்ணை மாற்றினால் விடை 0.0371 மாதிரி வந்து நிற்கிறது. கையில் கால்குலேட்டர் கிடையாது, வகுத்தல் போட்டே பீரியட் முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் ஒரே வகுப்பில் மெல்லக் கற்போரும் இருக்கிறார்கள், நீட்டுக்குப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நீங்களெல்லாம் கணக்கை எங்கிருந்து தொடங்குகிறீர்கள்?

தஞ்சை வேதியியல் (ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியர்):
டீச்சர், கிராமிலிருந்து தொடங்காதீர்கள். மோலிலிருந்து (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) தொடங்குங்கள். 0.1 மோல், 0.25 மோல், 0.5 மோல் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதை மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் கிராம் எடையால், பெருக்கி வருகிற கிராமைக் கேள்வியில் எழுதுங்கள். பிள்ளைகள் வகுக்கும்போது மீதியில்லாமல் போகும். நாம் சோதிக்க வேண்டியது வேதியியலை, நீள் வகுத்தலை இல்லை.

நான் பல வருஷம் பயன்படுத்திய கணக்கு ஒன்று சொல்கிறேன். சமையல் சோடாவைச் சூடாக்கினால் சோடியம் கார்பனேட், நீர், கார்பன் டைஆக்சைடு மூன்றும் வரும். 2 மோல் சோடாவுக்கு மற்ற மூன்றும் ஒவ்வொரு மோல். சோடாவின் மோலார் நிறை 84, அதனால் 8.4 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், 0.1 மோல். முழுவதும் சிதைந்தால் கார்பன் டைஆக்சைடு 0.05 மோல், அதாவது 2.2 கிராம்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. தவறான விடைகளையும் நீங்களே போட்டுப் பாருங்கள். 4.4 என்று எழுதுகிற பிள்ளை சமன்பாட்டில் முன்னால் இருக்கிற 2-ஐக் கவனிக்கவில்லை. 5.3 என்று எழுதினால் சோடியம் கார்பனேட்டைக் கணக்கிட்டிருக்கிறது, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. 8.8 வந்தால் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது. இந்த நாலையும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடைகளாகக் கொடுத்தால், எந்தப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று விடைத்தாளே காட்டிக்கொடுத்துவிடும். வாய்க்கு வந்த எண்களைப் போட்டு நிரப்பினால் இந்தத் தகவல் நமக்குக் கிடைக்காது.

பிறகு ஒரு துணைக் கேள்வி: "8.8 கிராம் என்ற விடை வரவே முடியாது. கணக்குப் போடாமல் காரணம் சொல்." சூடாக்கியதே 8.4 கிராம்தானே! மெல்லக் கற்கும் பிள்ளைகள் இதற்குக் கை தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கணக்கை நான் விட்டதில்லை.

நீட் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டாம், இதையே ஒரு படி ஏற்றுங்கள். 8.4 கிராமைச் சிறிது நேரம் சூடாக்கியபின் கிண்ணத்தில் 6.85 கிராம் திண்மம் மீதி இருக்கிறது, எத்தனை சதவீதம் சிதைந்தது? முழுவதும் சிதைந்திருந்தால் நீரும் வாயுவுமாக 3.1 கிராம் போயிருக்கும். போனது 1.55. ஆக 50 சதவீதம். பெருக்கல் வகுத்தல் அதே அளவுதான், யோசனைதான் கூடுதல்.

சேலம் லேப்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எண் அழகாக வந்தால் மட்டும் போதாது, அப்படி ஒரு கரைசல் உலகத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதிரி வினாத்தாளில் "500 கிராம் நீரில் 200 கிராம் சாப்பாட்டு உப்பு கரைக்கப்படுகிறது" என்று பார்த்தேன். அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் ஏறக்குறைய 36 கிராம்தான் கரையும். 500 கிராமுக்கு 180. மீதி 20 கிராம் அடியில் கிடக்கும். அதே மாதிரி 20 மோலார் (லிட்டருக்கு 20 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று எழுதுகிறார்கள். நம் லேபில் இருக்கிற அடர் அமிலமே சுமார் 12 மோலார்தான். செய்முறையில் பாட்டிலைக் கையில் எடுக்கிற பிள்ளைக்கு இந்த உணர்வு வர வேண்டாமா?

வாயுக் கணக்கில் "திட்ட வெப்ப அழுத்த நிலையில்" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம் என்றால் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர், 1 பார் என்றால் 22.7 லிட்டர். அழுத்தத்தைக் கேள்வியிலேயே எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

திண்டுக்கல் டீச்சர்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி சேலம் சார். மோலிலிருந்து தொடங்கி வினைக்கட்டுப்பாட்டுக் காரணிக்கு (முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருள்) ஒன்று போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். "2.4 கிராம் மெக்னீசியத்துடன் 7.3 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு கொண்ட நீர்த்த அமிலம் சேர்க்கப்படுகிறது. வெளிவரும் ஹைட்ரஜன் எத்தனை கிராம்?"

தஞ்சை வேதியியல்:
எண்கள் சுத்தமாக இருக்கின்றன டீச்சர், ஆனால் இதில் இரண்டுமே சரியாகத் தீர்ந்துவிடுகின்றன. 0.1 மோல் மெக்னீசியத்துக்கு 0.2 மோல் அமிலம், கட்டுப்படுத்துவது என்று எதுவும் இல்லை. 7.3-ஐ 3.65 ஆக்குங்கள். எடை குறைவாக இருப்பதுதான் முதலில் தீரும் என்று நினைக்கிற பிள்ளை மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், 0.2 கிராம் என்று எழுதும். ஆனால் எடை அதிகமாக இருக்கிற அமிலம்தான் இங்கே முதலில் தீருகிறது. ஹைட்ரஜன் 0.1 கிராம். மெக்னீசியம் எவ்வளவு மிஞ்சும் என்றும் கூடவே கேட்டுவிடுங்கள், 1.2 கிராம் வரும். சேலம் சார் சொன்னபடி கரைசலாகவே கொடுக்க நினைத்தால் "1 மோலார் அமிலம் 100 மில்லி" என்று எழுதலாம், அதே 3.65 கிராம்தான்.

திண்டுக்கல் டீச்சர்:
1 மோலார் என்றே போடுகிறேன் ஐயா. திங்கட்கிழமை முதல் பீரியடில் கொடுத்துவிட்டு, எத்தனை பேர் 0.2 எழுதினார்கள் என்று இங்கே சொல்கிறேன்.