நல்லர்பாரில் நாய்களோடு மோட்டார்ஹோம்: அந்த இருபது நிமிடம்

பெர்த் கணக்கன்:
நேற்று நாடோடிவீடு இங்கே எழுதிய பயணக் கதையை எல்லோரும் ஆகா ஓகோ என்று கொண்டாடிவிட்டீர்கள். சிட்னியிலிருந்து பெர்த் வரை, நல்லர்பார் என்ற மரமில்லாத பெருவெளியைக் கடந்து, சுமார் 4,000 கி.மீ., மோட்டார்ஹோமில் (வண்டிக்குள்ளேயே வீடு), இரண்டு நாய்களோடு, பதினாறு நாள். சரி, சந்தோஷம். ஆனால் அதில் ஒரு இடம் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. நல்லர்பார் சாலையில் மதுரா என்ற ரோட்ஹவுஸில் (வழியோர டீசல், சாப்பாட்டுக் கடை) நடந்ததை அவர் எழுதியது இதுதான்: "மதுராவில் டீசல் போட்டதும் பஞ்சுவையும் கறுப்பியையும் வண்டிக்குள் விட்டுவிட்டு நாங்கள் இருபது நிமிடம் நிம்மதியாகச் சாப்பிட்டோம். இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன. மோட்டார்ஹோமில் போனால் நாய்களைப் பற்றிக் கவலையே வேண்டாம்."

கவலையே வேண்டாமாம். செப்டம்பர் மாதம், மதியம், 29 டிகிரி என்று அவரே சொல்கிறார். மூடிய வண்டிக்குள் முதல் பத்து இருபது நிமிடத்தில்தான் சூடு மளமளவென்று ஏறும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதிலும் பஞ்சு லாப்ரடார். இருபது நிமிடம் என்று எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்? அதை மட்டும் சொல்லட்டும்.

நாடோடிவீடு:
கணக்கன் சார், பதினாறு நாள் கதையில் உங்களுக்குக் கிடைத்தது இந்த ஒரு வரிதானா? மோட்டார்ஹோம் என்ன, ஷாப்பிங் சென்டர் வாசலில் நிறுத்தும் சின்ன காரா? சுவரில் இன்சுலேஷன் இருக்கிறது. கூரையில் இரண்டு ஹேட்ச் (கூரை ஜன்னல்), இரண்டும் திறந்திருந்தன, விசிறி ஓடியது. ரூஃப் ஏசி 23-இல் இருந்தது. 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர். நாய்கள் என்னைவிட சொகுசாக இருந்தன.

ஆதாரம் வேண்டுமா? டீசல் பில்லில் 1:20. சாப்பிட்டு வந்ததும் நாய்களை எடுத்த படத்தில் 1:45. டீசலுக்குப் பணம் கட்டி உள்ளே போய் உட்காரவே ஐந்து நிமிடம். மிச்சம் இருபது. இரண்டையும் கீழே போட்டிருக்கிறேன். போதுமா?

கோவை குசும்பன்:
ஏசியும் ஓடியது, ஹேட்சும் திறந்திருந்ததா? அப்படியென்றால் நல்லர்பாருக்கே ஏசி போட்டிருக்கிறீர்கள். பெரிய மனசு.

பெர்த் கணக்கன்:
ஹேட்சுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த இருபது நிமிடம்.

மதுரா எங்கே இருக்கிறது? மேற்கு ஆஸ்திரேலியாவில், கைகுனாவுக்கும் மாநில எல்லையில் இருக்கும் பார்டர் வில்லேஜுக்கும் நடுவில். அந்தத் துண்டுக்கு மட்டும் தனி நேரம். பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னால், அடிலெய்டைவிட 45 நிமிடம் பின்னால். அரசு அங்கீகாரம் கிடையாது, ஆனால் அங்கே இருப்பவர்கள் அப்படித்தான் கடிகாரத்தை வைத்திருக்கிறார்கள், சாலையில் போர்டும் இருக்கிறது. ஆகவே பில் அடித்தது உள்ளூர் நேரம் 1:20. உங்கள் ஃபோன் காட்டியது பெர்த் நேரம் 1:45. அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் 2:30. ஒன்று இருபதுக்கும் இரண்டு முப்பதுக்கும் நடுவில் எவ்வளவு என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். எழுபது நிமிடம். இருபது இல்லை. எழுபது.

நாடோடிவீடு:
பில் மிஷின் பெர்த் நேரத்தில்தான் இருந்தது.

பெர்த் கணக்கன்:
மிஷின் உங்கள் காதில் வந்து சொன்னதா?

கோவை குசும்பன்:
இன்னொரு வழியும் இருக்கிறது. அவர் கிழக்கிலிருந்து வந்தவர். வழியில் சிக்னல் இல்லாமல் ஃபோன் இன்னும் அடிலெய்டு நேரத்திலேயே நின்றிருந்தால், படம் எடுத்தது உள்ளூர் நேரம் மதியம் 1:00. பில் 1:20. ஆக, நாய்கள் தனியாக இருந்தது கழித்தல் இருபது நிமிடம். நாடோடி சொன்ன இருபது சரியாக வந்துவிட்டது பாருங்கள், முன்னால் ஒரு சின்னக் கோடு மட்டும்தான் அதிகம்.

பெர்த் கணக்கன்:
சிரிப்பதற்கு நல்ல விஷயம் கிடைத்தது உங்களுக்கு. அப்படியே இருந்தாலும் "வந்ததும் எடுத்த படம்" என்று அவர் சொன்னது பொய்யாகிறது. எப்படிப் பார்த்தாலும் இருபது நிமிடம் நிற்கவில்லை.

யாழ் அண்ணை:
தம்பிமார், நான் இந்தப் பாதையில் நாயோடு இரண்டு தரம் வாகனம் ஓடியிருக்கிறேன். உங்களுடைய இருபதும் எழுபதும் ஒருபக்கம் கிடக்கட்டும். நாயைக் கொல்லுவது அங்கே வேறு விசயம். காட்டு நாய்க்கும் நரிக்கும் 1080 என்று ஒரு நஞ்சை இறைச்சியில் வைத்துப் போடுவார்கள். வேலிக் கம்பியில் மஞ்சளோ சிவப்போ ஒரு சின்னப் பலகை தொங்கும், அவ்வளவுதான். அதைத் தின்ற நாய்க்கு மாற்று மருந்தே இல்லை. அந்த நஞ்சின் இயற்கை வடிவம் மேற்கு ஆஸ்திரேலியாச் செடிகள் சிலவற்றிலேயே இருக்கிறபடியால் அந்த ஊர் விலங்குகள் ஓரளவு தாங்கும். எங்கட நாய் தாங்காது. நான் பாதையோரம் மூத்திரத்துக்கு இறக்கினால்கூட வாய்க்கூடு போட்டுக் கையில் கயிற்றோடுதான். நாடோடி அண்ணை, உங்கட படத்தில் கறுப்பி கயிறு இல்லாமல் புதருக்குள் நிற்கிறாள். அதை ஒருத்தரும் கேட்கவில்லையே?

நாடோடிவீடு:
அண்ணை, அது ஒரு நிமிடம் மட்டும் அவிழ்த்தது.

பெர்த் கணக்கன்:
அவருடைய நிமிடத்துக்கு எத்தனை விநாடி என்றுதானே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதுமுகம் 22:
வணக்கம், நான் இங்கே புதிது. மோட்டார்ஹோம், காரவன், கேம்பர்வேன் மூன்றும் ஒன்றா? நாய்களோடு முதல்முறை போக யோசிக்கிறோம். எதைச் சொல்கிறீர்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

பெர்த் கணக்கன்:
புதுமுகம், அதெல்லாம் பிறகு. நாடோடி இன்னும் பதில் சொல்லவில்லை. ஃபோன் எந்த நேரத்தில் இருந்தது?

ராஜபாளையத்தான்:
எனக்கு ஒரு சந்தேகம். 29 டிகிரிக்கு இவ்வளவு அலறலா? எங்கள் ஊரில் ராஜபாளையம் நாய் சித்திரை வெயிலில் தோட்டத்தைச் சுற்றிக் காவல் காக்கும். சிப்பிப்பாறையும் அப்படித்தான். லாப்ரடாரை வாங்கி ஏசியில் வைத்துக் கொஞ்சுகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு எல்லாம்.

நாடோடிவீடு:
அந்த ராஜபாளையத்தை நீங்கள் முதலில் இங்கே கொண்டுவந்து காட்டுங்கள் அண்ணாச்சி. இந்தியாவிலிருந்து நேராக ஆஸ்திரேலியாவுக்கு நாயைக் கொண்டுவரவே முடியாது. நடுவில் அங்கீகாரம் பெற்ற வேறொரு நாட்டில் மாதக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். போன வருடமும் "அடுத்த பொங்கலுக்குள் வந்துவிடும்" என்றீர்கள்.

ராஜபாளையத்தான்:
போன வருடப் பொங்கல் கேம்ப் பற்றி நீங்கள் பேசக்கூடாது. ராத்திரி பதினொன்றரை மணி வரை ஜெனரேட்டரை ஓடவிட்டது யார்? பச்சைப்பிள்ளை வைத்திருந்த குடும்பம் பாதியில் கிளம்பிப் போனது.

நாடோடிவீடு:
பத்தரை மணி.

பெர்த் கணக்கன்:
நானும் அங்கே இருந்தேன். பதினொன்றரை. ஒரு மணி நேரத்தைக் குறைத்துச் சொல்வது இவருக்குப் பழக்கம் என்பதற்கு இதுவே சாட்சி. இனி நான் விடப்போவதில்லை. அந்தப் பயணக் கதையை முழுக்க எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று. பாலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவில் வளைவே இல்லாத சாலை 145 கி.மீ. என்று எழுதியிருக்கிறார். அங்கே நிற்கும் போர்டில் 146.6 என்று இருக்கிறது. அந்தப் போர்டு முன்னால் நாய்களை உட்கார வைத்துப் படமும் எடுத்திருக்கிறார், எழுத்தைப் படிக்கவில்லை.

இரண்டு. பார்டர் வில்லேஜில் குவாரண்டைன் சோதனைக்கு முன்னால் "மிச்சமிருந்த தேனை நாய்களுக்குக் கொடுத்துத் தீர்த்தோம்" என்கிறார். மேற்கே தேன் கொண்டுபோகக்கூடாது, சரி. அதற்காக நாய்க்கா?

மூன்று. 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் சுமார் 2.5 யூனிட். ரூஃப் ஏசி மணிக்கு ஒன்றேகால் யூனிட் இழுத்தால் இரண்டு மணி நேரம். ஆனால் காலையிலிருந்து ஃப்ரிட்ஜ், காபி மிஷின், லேப்டாப் எல்லாம் அதில்தான் ஓடின என்று முந்தின பத்தியில் இவரே எழுதியிருக்கிறார். எழுபது நிமிடம் கழித்து ஏசி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுவிட்டதா? படத்தில் பஞ்சுவின் நாக்கைப் பாருங்கள். அரை முழம் வெளியே. சோபா மேல் போட்ட துண்டு ஜொள்ளில் நனைந்து கறுத்திருக்கிறது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. தூங்குகிற நாயா இது?

நாடோடிவீடு:
பஞ்சு தூங்கும்போதும் நாக்கு வெளியேதான் இருக்கும். பிறந்ததிலிருந்து அப்படி.

மருந்துப்பெட்டி:
நான் கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். ஒரு விஷயம் சொல்லட்டுமா? சிட்னியிலிருந்து கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உண்ணி. கிழக்குக் கரையில் இருக்கும் பக்கவாத உண்ணி கடித்த உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துப் பின்னங்கால் தள்ளாடும், குரைப்பு மாறும், பிறகு மூச்சு நிற்கும். அதற்குள் நீங்கள் நல்லர்பாருக்குக் கிழக்கே இருக்கும் செடூனாவைத் தாண்டியிருப்பீர்கள். அங்கிருந்து மேற்கே நார்ஸ்மன் வரை 1,200 கி.மீ., வழியில் ரோட்ஹவுஸ்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரி இல்லை. கிளம்பும் முன் மாத்திரை கொடுங்கள், தினமும் காது மடல், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். வண்டிக்குள் விடுவதைப் பொறுத்தவரை, எத்தனை நிமிடம் என்பதைவிட உள்ளே எத்தனை டிகிரி என்பதுதான் கேள்வி. சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று மாட்டுங்கள்.

பெர்த் கணக்கன்:
அம்மா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் கேட்கிறேன், இருபதா எழுபதா?

மருந்துப்பெட்டி:
நான் அதைச் சொல்லவே இல்லை.

கோவை குசும்பன்:
பேச்சு ஓடட்டும். நடுவில் ஒன்று. மதுரா என்ற பெயர் நம்ம மதுரையா?

ராஜபாளையத்தான்:
பின்னே? 1876-இல் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத்தான் அந்த இடத்தையே உண்டாக்கினார்கள். வெள்ளைக்காரன் மதுரையை மதுரா என்றுதான் எழுதினான். வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

யாழ் அண்ணை:
குதிரைக் கதை உண்மைதான். பெயர்க் கதைக்கு ஆதாரம் எங்கே? வடக்கே கிருஷ்ணருடைய மதுராவும் இருக்கிறதே.

ராஜபாளையத்தான்:
எதைச் சொன்னாலும் வடக்கே கொண்டுபோய்க் கட்டுவது ஒரு வியாதி.

யாழ் அண்ணை:
நான் கட்டவில்லை தம்பி, ஆதாரம் கேட்டேன். உங்கட ராஜபாளையம் நாய்களில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காதாம். ஆட்களுக்கும் தொற்றுமோ தெரியாது.

ராஜபாளையத்தான்:
நாயைத் தொட்டால் நான் பொறுமையாக இருக்கமாட்டேன், சொல்லிவிட்டேன்.

நாடோடிவீடு:
இது அவருடைய மனைவி எழுதுகிறேன். அவர் குளிக்கப் போயிருக்கிறார். இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு, சாம்பார் ஆறிப்போகிறது. எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். மதுராவில் நான் சாப்பிடப் போகவே இல்லை. வழியிலேயே எனக்குத் தலை சுற்றியது. சிப்ஸ் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வண்டிக்கே வந்துவிட்டேன். நாய்களோடு நான்தான் இருந்தேன். பாதி சிப்ஸ் கறுப்பிக்குப் போனது, கிண்ணத்தைக் கவிழ்த்ததும் அவள்தான். இவர் உள்ளே ஒரு லாரி டிரைவரைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிவிட்டு வந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, நான் தூங்கிவிட்டேன்.

கோவை குசும்பன்:
அக்கா, மூன்று பேர் தூங்கியிருக்கிறீர்கள். படத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.

பெர்த் கணக்கன்:
சகோதரிக்கு என் மரியாதை. ஆனால் விஷயம் இன்னும் மோசமாகிறது. "நாங்கள் இருபது நிமிடம் நிம்மதியாகச் சாப்பிட்டோம்" என்று எழுதியிருக்கிறார். "நாங்கள்" என்பது பொய். "சாப்பிட்டோம்" என்பதும் பாதிப் பொய், பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மிச்சம் இருப்பது "இருபது நிமிடம்" மட்டும். அதையாவது ஒப்புக்கொள்ளட்டும், எழுபது என்று.

மருந்துப்பெட்டி:
நாய்களோடு ஆள் இருந்திருக்கிறாரே. அப்புறம் என்ன?

பெர்த் கணக்கன்:
தூங்கின ஆள் ஆள் கணக்கில் வராது.

நாடோடிவீடு:
நான்தான், குளித்துவிட்டு வந்தேன். என் மனைவி சொன்னதற்கும் நான் எழுதியதற்கும் முரண் ஒன்றும் இல்லை. இரண்டு பேருமே நிம்மதியாக இருந்தோம். பில் 1:20. படம் 1:45. இருபது நிமிடம்.

யாழ் அண்ணை:
அந்தக் கயிறு இல்லாத படத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

புதுமுகம் 22:
நாங்கள் விமானத்திலேயே போகலாம் என்று முடிவு செய்துவிட்டோம். நாய் மச்சினி வீட்டில் இருக்கும். நன்றி.

பெர்த் கணக்கன்:
அக்டோபரில் நானே போகிறேன். மதுராவில் டீசல் போட்டு, பில் வாங்கி, சுவர்க் கடிகாரத்தோடு சேர்த்துப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். அன்றைக்குத் தெரியும் மிஷின் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று.

கோவை குசும்பன்:
அக்டோபரில் சவுத் ஆஸ்திரேலியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள் சார். அடிலெய்டுக்கும் மதுராவுக்கும் வித்தியாசம் ஒன்றே முக்கால் மணி ஆகிவிடும். பார்த்துப் போங்கள்.

பெர்த் கணக்கன்:
அது எனக்குத் தெரியும். நான் பெர்த்திலிருந்து போகிறேன்.

நாடோடிவீடு:
நாய் இருக்கிறதா உங்களிடம்?

பெர்த் கணக்கன்:
கேள்வி அதுவல்ல.