வாவி நீரில் வெளிறும் பிரசியன் நீலம்: உதவி தேவை

வணக்கம். மட்டக்களப்பில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். காபன் மின்வாயில் பிரசியன் நீலம் என்ற இரும்புச் சயனைட்டு நிறப்பொருளைப் படியவைத்து, ஐதரசன் பேரொட்சைட்டை அளக்கும் உணரி ஒன்றை உருவாக்குகிறேன்.

பொற்றாசியம் குளோரைட்டு கலந்த அமிலக் கரைசலில் மின்னழுத்தத்தைச் சுற்றுச் சுற்றாக ஏற்றி இறக்கும்போது மின்னோட்ட உச்சங்கள் அத்தனை அழகாக வருகின்றன! கல்லடிப் பாலத்தடியில் அள்ளிய வாவி நீரில் இட்டால், பத்தாவது சுற்றிலேயே நீலம் வெளிறி, மின்னோட்டம் படுத்துவிடுகிறது. கார நீரில் ஐதரொட்சைட்டு அயன் இப்படலத்தைச் சிதைக்கும். உப்பு நீரில் மிகுந்திருக்கும் சோடியமோ பொற்றாசியத்தைப் போல எளிதில் படலத்தின் சாலகத்துக்குள் (பளிங்குக் கட்டமைப்புக்குள்) நுழையாது. என் சந்தேகம் முதலாவதன் மீதுதான்.

மேலே நிக்கல் எக்சாசயனோபெரேற்றுப் படலம் பூசினால் தாங்குமென்று வாசித்தேன். யாராவது செய்து பார்த்தீர்களா? கரைசல்களின் செறிவையும் எத்தனை சுற்றுப் பூசினீர்கள் என்பதையும் சொன்னால் பேருதவி. அடுத்த வாரம் மீண்டும் நீர் அள்ளப் போகிறேன்.