ஸ்கிராபிள் ஆடுவோர் அரிய ஆங்கிலச் சொற்களின் பொருளையும் கற்க வேண்டுமா?

பலகைவாசி:
அரிய சொற்களைப் பொருளோடு சேர்த்தே கற்க வேண்டும் என்று இங்கே பலரும் வலியுறுத்துவதை என்னால் ஏற்க இயலவில்லை. எழுத்துக்கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் இந்த ஆட்டத்தில் எழும் கேள்வி, அந்த எழுத்துக்கோவை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்பது மட்டுமே. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானியப் பட்டத்தையும் வென்றார். க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்துகளால் ஆன 'சீ', சீன மரபில் உயிராற்றலைக் குறிப்பது என்று அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் அதே 11 புள்ளிகள்தான். பத்துப் புள்ளி பெறும் க்யூவை, எழுத்தின் புள்ளி மும்மடங்காகும் கட்டத்தில் வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் அச்சொல் அமையும்படி ஆடினால் 62 கிடைக்கும். பயில வேண்டியது இதைத்தான்.

சொல்லேருழவன்:
ரிச்சர்ட்ஸின் நினைவாற்றல் நமக்கு வாய்த்ததன்று; ஆகவே அவரை எல்லோருக்கும் அளவுகோலாக்குவது முறையாகாது. நம் போன்றோரின் மனத்தில் எழுத்துக்கோர்வையை நிறுத்தி வைப்பது பொருள்தான். ஆங்கில ஸ்கிராபிளின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியல்களில் ஒன்றான காலின்ஸ் பட்டியலில் இ, யூ, ஓ, யூ, ஏ, இ என ஆறும் உயிரெழுத்துகளாகவே அமைந்த ஒரு சொல் உண்டு. கிரிகோரியன் தேவாலய இசையில் 'செக்குலோரும் ஆமென்' என்ற இலத்தீன் முடிப்பின் உயிரெழுத்துகளை மட்டும் வரிசையாக எடுத்தால் அச்சொல் கிடைத்துவிடும் என்று அறிந்தவர், கையில் உயிரெழுத்துகளாகவே குவிந்து திணறும் வேளையில் அதை வரிசை பிறழாமல் எழுதுவார். மலைச்சரிவின் கிண்ணம் போன்ற பள்ளத்தைக் குறிக்கும் 'கூம்' சி, டபிள்யூ, எம் என்று எழுதப்படுவதும் அப்படியே. வேல்ஸ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் வரும் என்பது தெரிந்தால், பழைய நரம்பிசைக் கருவியான 'குரூத்'தின் சி, ஆர், டபிள்யூ, டி, எச் என்ற எழுத்துகளும் குழப்பம் தருவதில்லை.

பலகைவாசி:
பொருளே வழிதவறச் செய்வதும் உண்டே? 'ஆக்ஸ்' என்றால் எருது, அதன் பன்மை 'ஆக்ஸன்' என்று கற்றவர், எதிராளி ஓ, எக்ஸ், இ, எஸ் என 'ஆக்ஸஸ்' என்று வைத்ததும், அப்படியொரு சொல் இல்லை என்று ஆட்சேபிப்பார். அதுவோ பட்டியலில் உள்ள சொல். வட அமெரிக்கப் போட்டிகளில் வழக்கமான விதிப்படி, ஆட்சேபம் தவறானால் ஆட்சேபித்தவர் தம் முறையை இழக்கிறார்.

சொல்லேருழவன்:
தாங்கள் காட்டிய சான்று என் பக்கமே நிற்கிறது. 'ஆக்ஸ்' என்பதற்கு நயமற்ற முரட்டு ஆள் என்ற பொருளும் உண்டு. அந்தப் பொருளில்தான் 'ஆக்ஸஸ்' என்ற பன்மை வருகிறது. ஒரு பொருளோடு நின்றவரே அங்கே தவறுகிறார்.

கட்டைப்பை:
இருவரும் ஒரே பயிற்சி எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும் என்று கொள்வதாகத் தோன்றுகிறது. இரண்டெழுத்துச் சொற்கள் நூற்றுக்குச் சற்று மேல்தான். ஒவ்வோர் ஆட்டத்திலும் கைகொடுப்பவை என்பதால் அவற்றை நேரடியாக மனனம் செய்துவிடலாம். நீண்ட சொற்களில், குறிப்பாக இறுதியில் எஸ் சேருமா என்று ஐயம் எழும் இடங்களில், பெயர்ச்சொல்லா உரிச்சொல்லா என்ற அளவுக்கேனும் பொருளை அறிந்திருப்பது நல்லது.

பலகைவாசி:
அந்த அளவு எனக்கும் சம்மதமே. ஆனால் போட்டிக்கு முந்தைய வாரத்தில் அகராதியைப் புரட்டச் சொல்லாதீர்கள். அப்போது பட்டியல் மட்டும் போதும்.