கண்புரை ஆபரேஷனுக்குப் பின் வலியா? பொறுத்திருக்காதீர்கள்: அனுபவங்கள்

கானாடுகாத்தான் மகள்:
அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தோம். மறுநாள் கட்டைப் பிரித்ததும், முகப்புத் தூணில் இருக்கிற வேலைப்பாடு வரை தெரிகிறது என்று அத்தனை சந்தோஷம். இரண்டு மூன்று நாள் கழித்து, ராத்திரியில் கண்ணுக்குள் குத்துகிறது என்றார்கள். விடிந்து பார்த்தால் கண் ரத்தச் சிவப்பு. வெளிச்சம் தெரிகிறது, எதிரில் நிற்கும் என் முகம் தெரியவில்லை.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உடம்புச் சூடு, இளநீர் கொடு. தாய்ப்பால் விடு. கத்தி பட்ட கண் உறுத்தத்தான் செய்யும், அடுத்த செக்கப் வரை பொறு. ஆத்தாதான், "நேத்துத் தெரிஞ்ச கண்ணு இன்னைக்குத் தெரியலைன்னா அது உறுத்தல் இல்ல, வண்டியக் கூப்பிடு" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைதான் கண்ணைக் காப்பாற்றியது.

டாக்டர் பார்த்ததுமே கண்ணுக்குள் கிருமித் தொற்று என்றார். எண்டாப்தால்மிட்டிஸ் என்று பெயர். கருவிழியின் அடியில் வெள்ளையாகச் சீழ் தேங்கி நின்றதை டார்ச் அடித்து எனக்கும் காட்டினார். உள்ளிருந்து துளி நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், அன்றைக்கே கண்ணுக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். மேலே விடும் சொட்டு மருந்து அவ்வளவு உள்ளே போதிய அளவு போய்ச் சேராதாம். இன்னும் முற்றியிருந்தால், கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி போன்ற பகுதியையே வெட்டியெடுக்கும் விட்ரெக்டமி வரை போயிருக்கும். பழைய தெளிவு முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் பேப்பரில் தலைப்புகளை வாசிக்கிறார்கள்.

இது ஆயிரத்தில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். பயந்துபோய் ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம். ஆனால் வலி, சிவப்பு, பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்து வந்தால் ராத்திரி, ஞாயிறு என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

கோட்டையூர் பென்ஷன்காரர்:
ஆம்பளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சிறுநீர் தாராளமாகப் போக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கண் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கத் தோன்றும். ஆபரேஷன் நடக்கும்போது கண்மணி விரிந்து நிற்க வேண்டும். இந்த மாத்திரையால் அது நடுவில் சுருங்கும், கருவிழித்திரை தொளதொளவென்று ஆடும். மாத்திரையை நிறுத்தினாலும் அந்த விளைவு முழுசாகப் போகாதாம். நான் முன்கூட்டியே சொன்னதால், கண்மணியை விரித்துப் பிடிக்கும் சின்னக் கொக்கிகளைத் தயாராக வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்கள்.

தேவகோட்டைப் பேத்தி:
எங்கள் அப்பத்தா காலத்தில் புரை எடுத்தால் சோடாபுட்டிக் கண்ணாடிதான். 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கி, இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் சாதாரண ஜனங்களுக்கும் லென்ஸ் கட்டுப்படியானது. ஆயாவுக்கு அப்படி வைத்த லென்ஸ்தான். ரொம்ப நாள் நன்றாகத் தெரிந்துவிட்டு அப்புறம் புகைமூட்டமாக ஆனது. புரை திரும்ப வளர்ந்துவிட்டது என்று வீட்டில் ஒரே கவலை. எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸைத் தாங்கும் பின்சவ்வு மங்கியிருந்தது, அவ்வளவுதான். யாக் லேசரில் அதில் ஒரு சின்னத் திறப்பு போட்டார்கள். கத்தி இல்லை, கட்டு இல்லை, சில நிமிஷ வேலை. ஆனால் அதற்கப்புறம் கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் திடீரென்று மிதந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்றைக்கே வரச் சொன்னார்கள். விழித்திரை பிரிகிற அறிகுறியாம்.

கானாடுகாத்தான் ஆச்சி, அப்பச்சிக்கு இன்னொரு கண்ணிலும் செய்தீர்களா?

கானாடுகாத்தான் மகள்:
செய்தாச்சு. முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இமையோர அழற்சிக்கு மருந்து கொடுத்தார்கள். மூக்கோரம் இருக்கும் கண்ணீர்க் குழாயில் தண்ணீர் செலுத்தி அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அடைப்பு இருந்தால் அங்கே கிருமி தங்கிவிடுமாம். ஆபரேஷன் மேஜையில் பொவிடோன் அயோடின் விட்டுக் கண்ணைச் சுத்தம் செய்தார்கள். இந்த முறை வலி இல்லை.

இன்னொன்று: ஆபரேஷனுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்து மிச்சம் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அடுத்த தடவை கண் சிவந்தால் விடலாம் என்று மாடத்தில் எடுத்து வைக்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் விட்டுக்கொண்டே இருந்தால் கண் பிரஷர் ஏறி நரம்பைக் கெடுத்துவிடும். அப்படிப் போன பார்வையை எந்த ஆபரேஷனாலும் மீட்க முடியாது.